தீவு மண்ணில் ஆர்செனிக்: அது எங்கிருந்து வந்தது என்று கண்டறியும் முறை

ஒரு தீவின் மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஆர்செனிக் இருப்பதாக ஆய்வக அறிக்கை வருகிறது என்று வையுங்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. எரிமலைப் பாறை சிதைந்து உண்டான, இரும்பு மிகுந்த செம்மண்ணில் அது இயற்கை அளவாகவே இருக்கலாம். பவளமணல் திட்டில் அதே 20 கிடைத்தால், எப்போதோ யாரோ எதையோ கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூலத்தை உறுதிசெய்ய மூன்று சாட்சிகள் தேவை: ஆர்செனிக் எந்த இடத்தில் குவிந்திருக்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, கூடவே எந்தத் தனிமங்கள் வந்திருக்கின்றன. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டும்வரை யார் மீதும் பழி போடக் கூடாது. அவசரப்பட்டால் இயற்கை மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்தப் பணம் கரையும். மாசு கொட்டிய உண்மையான குழி அப்படியே கிடக்கும்.

முதலில் தீவு எதனால் ஆனது என்று பாருங்கள்

உலக மண்ணின் சராசரி ஆர்செனிக் 5 முதல் 10 மி.கி./கிலோ. தீவுகளில் இந்தச் சராசரி அதிகம் உதவாது, ஏனென்றால் தாய்ப்பாறை, அதாவது மண் உண்டான மூலப் பாறை, தீவுக்குத் தீவு மாறுகிறது.

எரிமலைத் தீவுகளில் இரும்பு ஆக்சைடும் களிமண்ணும் ஆர்செனேட்டை (ஆக்சிஜனோடு சேர்ந்த ஆர்செனிக்) இறுகப் பிடித்துவைக்கும். அதனால் பின்னணி அளவு, அதாவது மாசு இல்லாமலே மண்ணில் இயல்பாக இருக்கும் அளவு, கூடுதலாக இருக்கும். வெளியிலிருந்து வந்த ஆர்செனிக்கும் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே பல பத்தாண்டுகள் தங்கிவிடும். ஹவாய் மாநில சுகாதாரத் துறை 24 மி.கி./கிலோ வரை இயற்கைப் பின்னணியாக எடுத்துக்கொள்கிறது. கனடாவின் மண் தர வழிகாட்டி அளவு 12. ஒரே மண் ஓரிடத்தில் சாதாரணம், இன்னோரிடத்தில் வரம்பு மீறல். ஆகவே வேறு நாட்டு வரம்பைக் கடன் வாங்குவதற்கு முன் உங்கள் தீவின் பின்னணியை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

பவளத்தீவுகளில் கதை நேர்மாறு. மண் கிட்டத்தட்ட முழுக்க கால்சியம் கார்பனேட், இரும்பு குறைவு, பி.எச். 8-ஐ ஒட்டி அல்லது அதற்கு மேல். இந்தச் சூழலில் ஆர்செனேட் மண்ணில் ஒட்டாமல் மழைநீரோடு கீழே இறங்கி, தீவின் அடியில் கடல்நீர் மேல் மிதக்கும் நன்னீர் அடுக்கைச் சேரும். மேல்மண் சுத்தமாகத் தெரியும், கிணற்று நீரில் ஆர்செனிக் இருக்கும். பவளத்தீவில் மண்ணோடு கிணற்று நீரையும் சேர்த்தே சோதியுங்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

மூன்றாவது வகை ஆற்றுத் தீவுகளும் கழிமுகத் தீவுகளும். கங்கை–பிரம்மபுத்திரா கழிமுகத்தில் படிவில் உள்ள ஆர்செனிக் பெரும்பாலும் சாதாரண அளவுதான். ஆனால் ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடைக் கரைக்கும்போது, அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக் நிலத்தடி நீருக்குள் விடுபடுகிறது. இங்கே வெளி மாசைத் தேடி அலைவது வீண். மூலம் இமயமலையிலிருந்து வந்த வண்டலேதான்.

சந்தேகப் பட்டியலை எழுதுங்கள்

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் பழைய நில வரைபடங்கள், வான்படங்கள், தோட்டக் கணக்குகள், துறைமுகப் பதிவுகள் எல்லாவற்றையும் புரட்டுங்கள். அறுபது எழுபது ஆண்டுக்கு முன் அங்கு வேலை பார்த்தவர்கள் இருந்தால் கேளுங்கள். கேள்வி “மாசு இருந்ததா” என்று இருக்கக் கூடாது. “களைக்கொல்லி எங்கே கலந்தார்கள், டிரம்மை எங்கே கழுவினார்கள், மாடுகளை எங்கே முக்கினார்கள்” என்று இருக்க வேண்டும். கலக்கிய இடம்தான் தெளித்த வயலைவிடப் பல மடங்கு மோசமாக இருக்கும்.

தோட்டப் பயிர் இருந்த தீவுகளில் முதல் சந்தேகம் ஆர்செனிக் களைக்கொல்லி. ஹவாயின் கரும்புத் தோட்டங்களில் 1910-களிலிருந்து 1940-கள் வரை சோடியம் ஆர்செனைட் தெளித்தார்கள். இதன் அடையாளம்: ஆர்செனிக் தனியாக வரும், துணைக்கு எந்த உலோகமும் இருக்காது. பழத்தோட்டமாக இருந்தால் லெட் ஆர்செனேட்டை நினையுங்கள். அதில் எடைக்கணக்கில் ஒரு பங்கு ஆர்செனிக்குக்கு சுமார் 2.8 பங்கு ஈயம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் உண்ணி நீக்க அவற்றை முக்கியெடுத்த தொட்டிகளில் ஆர்செனிக் கரைசலுக்குப் பிறகு டி.டி.டி. பயன்பட்டது, இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் அது முக்குத் தொட்டிதான். பழைய கோல்ஃப் மைதானங்களில் எம்.எஸ்.எம்.ஏ. என்ற கரிம ஆர்செனிக் களைக்கொல்லி.

அடுத்தது மரம். தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றும் கலந்த சி.சி.ஏ. கரைசலை அழுத்தத்தில் ஏற்றிய மரம் தீவுகளில் படகுத்துறை, நடைபாலம், வேலி, வீட்டுத் தூண் என எங்கும் இருக்கும். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு 2003 இறுதியோடு நிறுத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் கட்டுப்படுத்தியது. ஆனால் அதற்கு முன் நட்ட மரம் இன்னும் நிற்கிறது. கடல்நீரில் நிற்கும் தூணுக்கு அமெரிக்கத் தரப்படி கன மீட்டருக்கு 40 கிலோ வரை சி.சி.ஏ. ஏற்றுவார்கள், அதில் ஆர்செனிக் மட்டும் 9 கிலோவை நெருங்கும். நிற்கிற தூணைவிட எரித்த தூண் ஆபத்து. எரித்தால் ஆர்செனிக்கின் ஒரு பகுதி புகையில் போகும், மீதி சாம்பலில் செறிந்து, எளிதில் கரையும் வடிவில் இருக்கும். கடற்கரையில் விறகு எரித்த வட்டங்களையும் பழைய மரம் அறுத்த இடங்களையும் தனியாகக் குறியுங்கள்.

தொழிற்சாலை மூலங்களில் ஹவாயின் ஹிலோவில் நடந்தது நல்ல பாடம். கரும்புச் சக்கையிலிருந்து கேனெக் என்ற பலகை 1932 முதல் 1963 வரை அங்கே தயாரானது; கரையான் அரிக்காமலிருக்க ஆர்செனிக் சேர்த்தார்கள். கழிவுநீர் பக்கத்திலிருந்த குளத்துக்குப் போனது, படிவில் ஆர்செனிக் தங்கிவிட்டது. அதே பலகை கூரையின் உட்புறத்திலும் உள்சுவரிலும் பொருத்தப்பட்ட வீடுகளை இடித்தால் அந்த மண்ணும் பட்டியலில் சேரும்.

போர்க்காலச் சரக்கை மறக்க வேண்டாம். ஜப்பானின் ஓகுனோஷிமா தீவில் 1929 முதல் 1945 வரை நச்சுவாயு தயாரித்தார்கள். அதில் லூயிசைட் போன்ற ஆர்செனிக் சேர்மங்களும் உண்டு. பால்டிக் கடலில் போர்ன்ஹோம் தீவுக்குக் கிழக்கே இரண்டாம் உலகப் போருக்குப் பின் கொட்டிய இரசாயனக் குண்டுகளால் கடலடிப் படிவில் கரிம ஆர்செனிக் சேர்மங்கள் கிடைக்கின்றன. இப்படிப்பட்ட வரலாறு உள்ள இடத்தில் நீங்களாகத் தோண்டவே கூடாது. வெடிபொருள் அகற்றும் பிரிவு பார்த்துவிட்ட பிறகுதான் மாதிரி.

துப்பாக்கிப் பயிற்சித் திடல் என்றால் ஈயம், ஆன்டிமனி இரண்டோடும் ஆர்செனிக் கொஞ்சம் வரும். கப்பல் பழுதுபார்க்கும் துறை என்றால் பெயிண்ட் உரிக்க வீசியடித்த தாமிரக் கசடுத் துகளும் பழைய பாசித்தடுப்பு பெயிண்டும். மின்நிலையச் சாம்பல் என்றால் செலினியம், போரான் துணை.

இயற்கை மூலங்களில் வெந்நீர் ஊற்றுகளே பெரியவை. பப்புவா நியூகினியின் அம்பிட்லே தீவில் டுட்டும் குடாவின் ஆழமற்ற கடலடி ஊற்றுகள் ஒரு நாளைக்கு சுமார் 1.5 கிலோ ஆர்செனிக்கைக் கக்குகின்றன. மனிதக் கை எதுவும் படாத மாசு அது. ஊற்றைச் சுற்றிப் படியும் துரு நிற இரும்பு ஆக்சைடு அதைப் பெருமளவு பிடித்துக்கொள்கிறது. வெந்நீர் மூலத்துக்கு ஆன்டிமனி, பாதரசம், தாலியம், போரான், லித்தியம் துணை நிற்கும். தங்கம் உள்ள எரிமலைத் தீவுகளில் ஆர்செனிக் கலந்த பைரைட்டும் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) ஆர்செனோபைரைட்டும். பின்னதில் எடையில் 46 சதவீதம் ஆர்செனிக்.

கடற்பாசி உரம் பலர் கவனிக்காத வழி. உலர்ந்த கடற்பாசியில் பத்து முதல் நூறு மி.கி./கிலோ வரை ஆர்செனிக் சாதாரணம், பெரும்பாலும் ஆர்செனோசர்க்கரையாக, அதாவது சர்க்கரையோடு பிணைந்த கரிம வடிவில். ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 10 கிலோ ஈரப்பாசி, அதாவது சுமார் 2 கிலோ உலர் எடை போட்டால், 30 மி.கி./கிலோ கணக்கில் 60 மில்லிகிராம் ஆர்செனிக் சேரும். மேல் 15 செ.மீ. மண் சதுர மீட்டருக்கு சுமார் 195 கிலோ. ஆண்டுக்கு 0.3 மி.கி./கிலோ ஏறுகிறது, எதுவும் கழுவிப் போகாவிட்டால் 50 ஆண்டில் 15. தலைமுறை தலைமுறையாகப் பாசி போட்ட தோட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் தொழிற்சாலையைக் குற்றம் சொல்லாதீர்கள்.

கடைசியாக, தூர்வாரிய சேறு. அலையாத்திக் காட்டடிச் சேற்றில் பைரைட் இருக்கும். அதை அள்ளி நிலம் மேடாக்கக் கரையில் கொட்டினால் காற்றுப் பட்டு கந்தக அமிலமாகும், பி.எச். 4-க்குக் கீழே இறங்கும், பைரைட்டில் அடைந்து கிடந்த ஆர்செனிக் வெளியேறும். வெளியிலிருந்து கப்பலில் வந்த நிரப்பு மண்ணையும் இதோடு சேர்த்து விசாரியுங்கள்.

மண் மாதிரி எடுப்பது

இங்கும் அங்கும் நான்கைந்து குழி தோண்டி எடுக்கும் பழக்கம்தான் பெரும்பாலான தவறான முடிவுகளுக்குக் காரணம். ஆர்செனிக் சீராகப் பரவியிருக்காது. ஒரு மரத்துண்டு, ஒரு கசடுத் துகள் போதும், அறிக்கை இரண்டு மடங்காக. பல புள்ளிகளைச் சேர்த்து ஒரே மாதிரியாக்கும் முறையையே பின்பற்றுங்கள்.

1. நிலத்தை வரலாற்றுப்படி துண்டுகளாகப் பிரியுங்கள்: கலக்கிய கொட்டகை ஒன்று, வயல் ஒன்று, படகுத்துறை ஓரம் ஒன்று. வெவ்வேறு வரலாறு உள்ள நிலத்தை ஒரே துண்டில் கலக்க வேண்டாம்.
2. ஒவ்வொரு துண்டிலும் 5 வரிசை, வரிசைக்கு 10 புள்ளி என 50 இடம். தொடக்கப் புள்ளியைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, பிறகு சம இடைவெளி விடுங்கள்.
3. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே ஆழம், ஒரே கனம், 20 முதல் 40 கிராம். மொத்தம் 1 முதல் 2 கிலோ சேரும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய் நல்லது. கரண்டியால் எடுத்தால் மேலே அதிகமும் கீழே குறைவுமாக வரும்.
4. குறைந்தது ஒரு துண்டிலாவது தொடக்கப் புள்ளியை மாற்றி மூன்று முறை முழுமையாக எடுங்கள். மூன்றும் 30 சதவீதத்துக்கு மேல் விலகினால் புள்ளிகளைக் கூட்ட வேண்டும்.
5. அதே பாறை, அதே மண்வகை, ஆனால் பயன்பாடு இல்லாத இடத்தில் பின்னணித் துண்டுகள். இதை மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் பிறகு முழு வேலையையும் திரும்பச் செய்கிறார்கள்.
6. சந்தேகம் வலுத்த இடத்தில் ஆழ வாரியாக: 0–5, 5–15, 15–30, 30–60, 60–100 செ.மீ. மேல் மண் கீழே விழுந்து கலக்காமல் ஒவ்வொரு அடுக்கின் வெளித்தோலையும் சுரண்டி நீக்குங்கள்.

கையுறை கட்டாயம். காய்ந்த மண்ணானால் தூசிமறை முகமூடி. சாம்பல் உள்ள இடத்தில் காற்று வீசும்போது எடுக்கவே வேண்டாம்.

கடலடிப் படிவில் ஏமாற்றும் உச்சம்

காயலிலோ துறைமுகத்திலோ படிவுக் குழாய் எடுத்து வெட்டிப் பார்த்தால் மேல் 2, 3 செ.மீ. அடுக்கில் ஆர்செனிக் திடீரென்று உயர்ந்திருக்கும். பார்த்தவுடனே “சமீபத்திய மாசு” என்று எழுதத் தோன்றும். பல நேரம் அது தவறு. கீழே ஆக்சிஜன் இல்லாத கறுப்புச் சேற்றில் இரும்பு ஆக்சைடு கரைகிறது, ஆர்செனிக் படிவுத் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி நீரில் கலந்து மேலே பரவுகிறது, ஆக்சிஜன் உள்ள பழுப்பு அடுக்கை எட்டியதும் இரும்பு மறுபடி படிகிறது, அதோடு ஆர்செனிக்கும். பல ஆண்டுகளுக்கு முந்தைய ஆர்செனிக்கே மேலேறி வந்து புதியது போல நிற்கும்.

பிரித்தறிய ஒரு வழி: அதே அடுக்குகளில் இரும்பும் மாங்கனீசும் அளக்கச் சொல்லுங்கள். ஆர்செனிக் உச்சம் இரும்பின் உச்சத்தோடு சேர்ந்து நிற்கிறதென்றால் அது படிவுக்குள் நடந்த இடமாற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரும்பு சமமாக இருந்து ஆர்செனிக் மட்டும், அதுவும் தாமிரத்தோடோ ஈயத்தோடோ உயர்ந்தால் வெளி வரவு. அடுக்கின் வயது தேவைப்பட்டால் 22.3 ஆண்டு அரைவாழ்வுள்ள கதிரியக்க ஈயம்-210-ஐ அளக்கலாம். அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து வந்த சீசியம்-137-இன் உச்சம் பொதுவாக 1963-ஐக் குறிக்கும். ஆனால் அணுகுண்டுச் சோதனை நடந்த பசிபிக் தீவுகளின் அருகே உள்ளூர் கதிரியக்கத் தூசி கலப்பதால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

குழாயை நிமிர்த்தியே கொண்டுவந்து, மேல் 10 செ.மீ. வரை 1 செ.மீ. தடிமனில், நைட்ரஜன் நிரப்பிய பையில் வெட்டுங்கள். கறுப்புச் சேறு காற்றுப் பட்டுப் பழுப்பாக மாறியதென்றால் ஆர்செனிக்கின் வடிவம் மாறிவிட்டது. மொத்த அளவுக்குப் பாதகமில்லை, வடிவப் பகுப்பாய்வுக்கு அந்த மாதிரி பயன்படாது. இடைவெளி நீரை அங்கேயே 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, பி.எச். 2-க்குக் கீழ் அமிலமாக்குங்கள்.

உப்பையும் கணக்கில் எடுங்கள். 100 கிராம் ஈரப்படிவு உலர்ந்து 30 கிராமாகிறது என்றால் அதில் சுமார் 2.5 கிராம் கடலுப்பு. அறிக்கையில் ஆர்செனிக் 8 சதவீதம் குறைவாகத் தெரியும். தண்ணீரில் கழுவி உப்பு நீக்கினால் கரையும் ஆர்செனிக்கும் போய்விடும். கழுவாதீர்கள், ஈரப்பதத்திலிருந்து கணக்கிட்டுத் திருத்துங்கள்.

ஆய்வகத்துக்கு எழுதித் தர வேண்டியவை

உலர்த்தல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, 2 மி.மீ. சல்லடை. சலித்த மண்ணை மெல்லிய பரப்பாக விரித்து 30 இடத்தில் கிள்ளி 10 கிராம் சேர்த்துக் கரைக்கச் சொல்லுங்கள். குவியலின் மேலிருந்து அரை கிராம் எடுத்துக் கரைத்தால், களத்தில் 50 புள்ளி எடுத்த உழைப்பு வீணாகும்.

பவளமணலில் நைட்ரிக் அமிலம் ஊற்றினால் பொங்கி வழியும். ஒரு கிராம் கார்பனேட்டே ஏறக்குறைய 1.3 மி.லி. அடர் நைட்ரிக் அமிலத்தைத் தின்றுவிடும். மெதுவாகச் சேர்த்து ஓரிரவு மூடாமல் விட்டு, பிறகுதான் சூடாக்க வேண்டும்.

தனிமங்களை நிறை எண்படி பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் தீவு மாதிரிக்கு ஒரு தனிப் பொறி உண்டு. கருவியின் ஆர்கானும் மாதிரியின் குளோரினும் சேர்ந்து நிறை எண் 75-இல், அதாவது ஆர்செனிக்கின் இடத்திலேயே, பொய்ச் சமிக்ஞை தரும். இதை வடிகட்டும் ஹீலியம் மோதல் அறை உள்ள கருவியா என்று கேளுங்கள்; இல்லையென்றால் ஆர்செனிக்கை வாயுவாக்கிப் பிரித்து அளக்கும் ஹைட்ரைடு முறை. கரைக்கும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

எக்ஸ் கதிர் வீசித் தனிமங்களை அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி களத்தில் வேகமானது, ஆனால் ஈயத்தின் 10.55 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கோடும் ஆர்செனிக்கின் 10.54 கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழும். ஈயம் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் அந்த ஆர்செனிக் எண்ணை நம்ப வேண்டாம். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினாலும் எண் கீழே வரும்.

தரக் கட்டுப்பாட்டுக்கு, ஆர்செனிக் அளவு முன்பே உறுதியான சான்றளித்த பொருள் ஒன்றைக் கூடவே ஓட்டச் சொல்லுங்கள்: மண்ணுக்கு 107 மி.கி./கிலோ ஆர்செனிக் உள்ள அமெரிக்கத் தர நிறுவனத்தின் என்.ஐ.எஸ்.டி. 2711ஏ, கடல் படிவுக்கு 21.2 உள்ள மெஸ்-3 போன்றவை.

எண்களைப் படிப்பது

பின்னணித் துண்டுகளின் ஆர்செனிக்கை இரும்புக்கு எதிராக வரைபடத்தில் குறியுங்கள். எரிமலை மண்ணில் புள்ளிகள் ஏறக்குறைய ஒரு கோட்டில் விழும். பின்னணியில் இரும்பு 12 சதவீதம், ஆர்செனிக் 12 மி.கி./கிலோ, சந்தேக இடத்தில் அதே 12 சதவீத இரும்போடு ஆர்செனிக் 40 என்றால், உபரி 28. இந்த உபரியைத்தான் மூலத்தோடு ஒப்பிட வேண்டும், மொத்தத்தை அல்ல.

சி.சி.ஏ. சோதனையும் இப்படியே. பொதுவான சி-வகைக் கரைசலில் ஆர்செனிக், குரோமியம், தாமிரம் எடை விகிதம் ஏறக்குறைய 1 : 1.1 : 0.67. எரிமலைப் பாறையில் குரோமியம் இயல்பாகவே நூற்றுக்கணக்கில் இருக்கலாம், ஆகவே பின்னணியைக் கழிக்காமல் விகிதம் போட்டால் அர்த்தமே இல்லை. கழித்த பிறகு விகிதம் சூத்திரத்தை ஒட்டி வந்தால் மரத்தூளோ சாம்பலோ மண்ணில் கலந்திருக்கிறது. மூன்றும் கூடியிருந்து விகிதம் விலகினால், மழையில் ஊறி வடிந்தது. மூன்று தனிமங்களும் ஒரே வேகத்தில் கசிவதில்லை.

ஆழக் கோடு இன்னொரு சாட்சி. மேலே அதிகம், கீழே சட்டென்று குறைவு: வெளியிலிருந்து விழுந்தது. ஆழம் போகப் போகப் பாறையை நோக்கி ஏறுகிறது: தாய்ப்பாறை. நடுவில் உச்சம், அங்கே இரும்பும் உச்சம்: மண்ணுக்குள் இறங்கிச் சேர்ந்தது.

கடல் படிவுக்குக் கனடாவின் இடைக்கால வழிகாட்டி அளவு 7.24, பாதிப்பு எதிர்பார்க்கும் அளவு 41.6 மி.கி./கிலோ. 7.24 மிகக் கீழே. சுத்தமான எரிமலைத் தீவின் கரைப் படிவே அதைத் தாண்டும். அதைக் கண்டு பதறாமல் பின்னணியைப் பாருங்கள்.

உடலுக்குள் எவ்வளவு போகும்

குழந்தைகள் விளையாடும் மண்ணென்றால் மொத்த அளவோடு நிற்காமல், இரைப்பையில் கரையக்கூடிய பங்கை அளக்க வேண்டும். 150 மைக்ரோமீட்டருக்குக் கீழ் (முன்பு 250) சலித்த மண். அரைக்கக் கூடாது, அரைத்தால் கரைதிறன் பொய்யாக உயரும். 1 கிராம் மண், 100 மி.லி. கிளைசின் கரைசல், பி.எச். 1.5, 37 டிகிரி, 1 மணி நேரம் சுழற்சி. இரும்பு மிகுந்த எரிமலை மண்ணில் கரையும் பங்கு பல நேரம் சிறியது, அங்கே இந்தச் சோதனை தேவையற்ற தோண்டலைத் தவிர்க்கும். பவளமண்ணில் கார்பனேட் அமிலத்தை நடுநிலையாக்கி பி.எச். ஏறிவிடும், முடிவில் அளந்து 0.5-க்கு மேல் மாறியிருந்தால் அமிலம் சேர்த்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

மூலம் தெளிவாகும்வரை அந்த நிலத்தில் சுண்ணாம்பும் பாஸ்பேட் உரமும் போடாதீர்கள். சுண்ணாம்பு பி.எச்.-ஐ ஏற்றி ஆர்செனேட்டைக் கழற்றிவிடும். பாஸ்பேட் அதன் இடத்தைப் பிடித்து நீருக்குள் தள்ளும். தூர்வாரிய சேற்றைக் கரையேற்றும் முன் பைரைட் அளவைச் சோதியுங்கள். பழைய பச்சை நிற சி.சி.ஏ. தூண்களை எரிக்கவோ, சில்லுகளாக நறுக்கிச் செடிகளுக்கு மூடாக்கு போடவோ யாரையும் விடாதீர்கள். அவற்றை மழை படாத இடத்தில் தரை விரிப்பின் மேல் அடுக்கி, தீவுக்கு வெளியே உள்ள, அடிப்பகுதி காப்பிட்ட கழிவு நிலத்துக்கு அனுப்புங்கள்.